ஒரு ஸ்டார் கொடுத்தவர்களுக்கு

ஜூன் 3, செவ்வாய்

இன்று நாற்பதாயிரம் பேர் முன்னால் மானம் போனது. அதில் பாதி என் பையனுடையது என்பதால் எனக்குப் பாதி வருத்தம்தான்.

தினகர் ஒரு சேனல் வைத்திருக்கிறான். போனில் வருகிற கேம்களை விளையாடிப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பேசுவான். தேறாததைப் பற்றிப் பேசும்போதுதான் கூட்டம் கூடும். அப்படிப் போன மாதம் அவன் கிழித்துத் தொங்கவிட்ட கேமின் பெயர் ‘வழியனுப்பு’. கோயம்புத்தூரில் இரண்டே பேர் சேர்ந்து செய்தது. வீடியோவுக்கு இவன் வைத்த தலைப்பு: ‘டாட்டா காட்டுற கேம்! பேட்டரி வேஸ்ட் மக்களே!’

காலில் மாவுக்கட்டோடு கிடக்கிற எனக்குப் பொழுது போகட்டும் என்று அவனுடைய பழைய போனைக் கொடுத்தான். அதில் அந்தக் கேம் அழிக்காமல் கிடந்தது. விளையாடினேன். பிடித்துவிட்டது. பிடித்ததால் கோபம் வந்தது. அவன் வீடியோவுக்கு அடியில் போய் எழுதினேன்: ‘இதைப் போட்ட தம்பிக்கு ஒரு இடத்தில் ரெண்டு நிமிஷம் நிற்கத் தெரியாது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். முதல்ல நிற்கக் கத்துக்கிட்டு அப்புறம் குறை சொல்லு.’

போன் அவனுடையது என்றால் உள்ளே இருக்கிற கணக்கும் அவனுடையதுதான் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவன் பெயரில், அவன் படத்தோடு, அவனே அவனைத் திட்டிக்கொண்டதாக ஏறிவிட்டது. ‘ப்ரோ, வீட்டுல ஏதும் பிரச்னையா?’ என்று ஒருவன். ‘ப்ரோ கண்ணாடியைப் பார்த்துப் பேசுறாரு’ என்று இன்னொருவன். சிரிக்கிற முகங்கள் வரிசை வரிசையாக.

சாயங்காலம் வந்து கட்டில் பக்கத்தில் நின்றான்.

“அப்பா, நீங்களா?”

“எது?”

“‘சின்ன வயசிலிருந்தே’ன்னு எழுதியிருக்கு. அது ஊர்ல வேற யாருக்குத் தெரியும்?”

முட்டாள்தனத்தில்கூட நான் அடையாளம் விட்டுவிட்டுத்தான் போகிறேன்.

ஜூன் 4, புதன்

இந்த டைரி என் மனைவி பூங்கொடி கொடுத்தது. ஜவுளிக்கடையில் கிடைத்த போன வருஷத்து டைரி. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். “என்கிட்டயே பேசிக்கிட்டு இருக்காம இதுகிட்டப் பேசுங்க” என்று வைத்துவிட்டு சத்துணவுக்கூடத்துக்குப் போய்விட்டாள். அங்கே நூற்றைம்பது பிள்ளைகளின் சத்தம். வீட்டில் என் ஒருவனின் சத்தம். எது அதிகம் என்று அவளைக் கேட்கப் பயமாக இருக்கிறது.

கால் எப்படி உடைந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், யாரும் படிக்கப் போவதில்லை. நான் திண்டுக்கல்–பழனி தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் முன்படிக்கும் பின்படிக்கும் தாவித் தாவியே இளமை போனவன். அன்று ஒட்டன்சத்திரத்தில் நானே ‘ஹோல்டான்’ என்று கத்தி, நானே நிறுத்திய வண்டியிலிருந்து, நானே விழுந்தேன். வண்டி அசையவே இல்லை. “எப்படி விழுந்தீங்க?” என்றார் டாக்டர். “பஸ் ஆக்ஸிடென்ட் சார்” என்றேன். பஸ் இருந்தது, ஆக்ஸிடென்ட்டும் இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

கேமைப் பற்றி எழுதாவிட்டால் நான் எதற்குச் சண்டை போடுகிறேன் என்று எனக்கே மறந்துவிடும்.

ஒரு வீடு, ஒரு கேட், ஒரு தெரு. நாம்தான் வீட்டுக்காரர். யாராவது வருவார்கள். உட்காரச் சொல்லி, பால் வைத்து, டீ போட்டுக் கொடுக்க வேண்டும். அவர்கள் மழை, வெயில், யார் வீட்டுக் கல்யாணம் என்று ஏதோ பேசுவார்கள். கடைசியில் எழுந்து “அப்ப நான் வர்றேன்” என்பார்கள். உடனே ‘கதவைச் சாத்து’ என்று ஒரு பொத்தான் பளிச்சென்று எரியும். எல்லோரும் அதை அமுக்கிவிடுகிறார்கள். அடுத்த ஆள். அப்படியே பத்து ஆள் வந்து போனால் ‘நன்றி’ என்று போட்டுக் கேம் முடிந்துவிடும். ‘டீக்கடை நடத்துற கேமுக்கு எதுக்குடா இவ்வளவு பில்டப்’ என்று ஒருவன் ஒரு ஸ்டார் கொடுத்திருக்கிறான். மொத்தமாக ஒன்றரை ஸ்டாரில் கிடக்கிறது.

நான் அமுக்கவில்லை. காரணம் புத்திசாலித்தனம் இல்லை, கண்ணாடி போடவில்லை. பொத்தான் எங்கே என்று தடவியதில் விரல் வாசலோரம் கிடந்த செருப்பில் பட்டது. வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தவரோடு கேட் வரைக்கும் நடந்தார். சரி, இனி என்ன செய்வதென்று தெரியாமல் நான் சும்மா இருந்தேன். வந்திருந்தது பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அம்மா. கேட்டின் கொக்கியைப் பிடித்துக்கொண்டே நின்றார். அப்புறம் சொன்னார்: “நாளைக்கு ஆஸ்பத்திரியில சேர்றேன். வீட்டுல யார்கிட்டயும் இன்னும் சொல்லலை. பூனைக்குக் கொஞ்சம் பால் வச்சிருங்க.”

இத்தனை நேரம் மழையைப் பற்றிப் பேசிய பொம்பளை!

பத்துப் பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் அப்படித்தான். வந்த விஷயம் வீட்டுக்குள் வராது, கேட்டில்தான் வரும். நம் ஊரில் யார் வந்த உடனே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்?

தினகருக்குப் புனேயில் வேலை. இருபத்திரண்டாம் தேதி கிளம்புகிறான். நல்ல கம்பெனி. பெட்டி வாங்கியிருக்கிறான், நீலக் கலர்.

ஜூன் 8, ஞாயிறு

கேமைச் செய்தவர்கள் அறிவிப்புப் போட்டிருக்கிறார்கள். ‘யாருக்கும் பிடிக்காத ஒன்றை வைத்திருந்து என்ன பயன். மாதக் கடைசியில் எடுத்துவிடுகிறோம்.’ கீழே ரெஜினா என்று பெயர்.

யாருக்கும் என்றால் நான் யார்?

உடனே ஐந்து ஸ்டார் போட்டேன். ஒரு ஆள் ஒரு தடவைதான் போட முடியுமாம். பூங்கொடியின் போனைக் கேட்டேன். ஆடிப் பார்க்காமல் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். மூன்று பேரை வழியனுப்பிவிட்டு நாலு ஸ்டார் கொடுத்தாள்.

“ஒண்ணை ஏன் குறைச்சே?”

“பால் பொங்குற வரைக்கும் அடுப்பை அணைக்க விட மாட்டேங்குது. எந்த வீட்டுலங்க அப்படி?”

மாடி வீட்டு வாத்தியார், பால்காரர், கட்டைப் பார்க்க வந்த ஆஸ்பத்திரித் தம்பி என்று கையில் சிக்கிய எல்லோரையும் பிடித்தேன். ஆஸ்பத்திரித் தம்பி மட்டும், “சார், உங்களுக்குக் கால்லதான அடி?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

இதெல்லாம் கொசுறு. தினகர் ஒரு வார்த்தை சொன்னால் நாற்பதாயிரம் பேர் கேட்பார்கள். கெடுத்தவன் அவன். அவனே வந்து நிமிர்த்தட்டும். ஊருக்குப் போவதற்கு முன்னால் அவனை அந்தக் கேட்டில் ஒரு தடவையாவது நிற்க வைக்காமல் விடுவதில்லை.

ஜூன் 9, திங்கள்

இட்லிக்கு முன்னால் ஆரம்பித்த சண்டை.

“கேம்னா ஜெயிக்கணும், இல்லைன்னா தோக்கணும். இதுல என்னப்பா இருக்கு?”

“நீ ராத்திரியெல்லாம் சுட்டுத் தள்றியே, அதுல ஒருத்தன் பேராவது உனக்குத் தெரியுமா?”

“அப்பா, அது ரோபோட்டு.”

“ரோபோட்டுக்குப் பேர் இருக்கக் கூடாதா?”

சட்னியை ஊற்றிக்கொண்டே பூங்கொடி, “ரெண்டு பேருக்கும் இதே போதும்” என்றாள்.

“நின்னாத்தான் பேசுவாங்கன்னா அதைக் கேம் சொல்லணும்ல? செருப்பை ஒரு மூலையில போட்டு வச்சா யாருக்குத் தெரியும்? அது அவங்க தப்பு.”

நியாயம்தான். நியாயம் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசில்லாததால், “வீடுன்னா செருப்பு வாசல்லதான் கிடக்கும், பீரோவுலயா இருக்கும்?” என்றேன்.

அதற்கு அவன் போட்ட போடு: “நீங்க பேசுறீங்களா? பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை பேரு பேசிட்டு நிப்பாங்க. விசிலடிச்சு எத்தனை பேச்சை வெட்டியிருப்பீங்க நீங்க!”

இன்னொரு இட்லி வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 11, புதன்

ரெஜினாவுக்கு எழுதினேன். இந்தத் தடவை யார் கணக்கு என்று இரண்டு முறை பார்த்துவிட்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது குடைக்காரர். எட்டாவதாக வருகிற ஆள். குடையைக் கேட்டில் மாட்டிவிட்டு மறந்து போய்விடுவார். தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார். எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போவார். பார்த்தால் குடை மறுபடியும் கேட்டில் தொங்கும். மறுபடியும் வருவார். இவர் மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டார். எவ்வளவு நேரம் நின்றாலும் வந்துகொண்டும் போய்க்கொண்டும்தான் இருப்பார், நாமே உள்ளே போய்க் கதவைச் சாத்தும் வரைக்கும்.

‘அம்மா, அந்த மனிதருக்குப் போக மனசில்லை என்பதை வாயே திறக்காமல் காட்டியிருக்கிறீர்கள். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்ட எனக்கே இது புரிகிறது. தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்’ என்று எழுதினேன். எழுத்துப் பிழை இருக்கும். இருக்கட்டும்.

ஜூன் 13, வெள்ளி

பதில் வந்துவிட்டது.

‘ஐயா, உங்கள் கடிதத்தை நாங்கள் இருவரும் திரும்பத் திரும்பப் படித்தோம். நன்றி. ஒன்றை மறைக்க விரும்பவில்லை. குடைக்காரர் திரும்பத் திரும்ப வருவது எங்கள் யோசனை இல்லை. அது ஒரு பக், நிரல் எழுதியதில் வந்த பிழை. அவர் பேச வேண்டிய இடம் வருவதற்குள் மாட்டிக்கொண்டு சுற்றுகிறார். எவ்வளவோ முயன்றும் சரிசெய்ய முடியவில்லை.’

தினகர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டான். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்தே விட்டான்.

நானும் சிரித்தேன். கட்டு போட்ட கால் குலுங்கினால் எப்படி வலிக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று. பக்காகவே இருக்கட்டும். எனக்குக் குடைக்காரர்தான் பெரிய ஆள்.

ஜூன் 14, சனி

டிரைவர் செபாஸ்டின் பார்க்க வந்தான். என் வண்டியை ஓட்டுகிறவன், பதினோரு வருஷப் பழக்கம். சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வாங்கி வந்தான். புது டயர், கன்னிவாடி ரோட்டில் பள்ளம், அவன் மகளுக்குப் பல்லில் கம்பி போட்டது என்று ஒரு மணி நேரம் பேசினான். டீ குடித்தான். “அப்ப வர்றேன் மாப்ள” என்றான்.

வாக்கரைத் தள்ளிக்கொண்டு கேட் வரைக்கும் போனேன். வேண்டாம் வேண்டாம் என்றான். விடவில்லை. பைக்கை ஸ்டார்ட் பண்ணினான். அணைத்தான். மறுபடி ஸ்டார்ட் பண்ணித் தெருமுனை வரை போனவன் திரும்பி வந்தான்.

“மாப்ள, வேற யாரும் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். முதலாளி உன் இடத்துல அவரு மச்சான் மகனைப் போட்டுட்டாரு. நீ கட்டுப் பிரிச்சப்புறமும் அவன்தானாம்.”

“சரி மாப்ள. பள்ளம் பார்த்துப் போ” என்றேன்.

திரும்பும்போது ஜன்னலில் தினகர் நின்றுகொண்டிருந்தான். போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

பழம் நன்றாக இருந்தது. சிறுமலைப் பழத்துக்கு ஈடு கிடையாது.

ஜூன் 15, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை. மின்விசிறிக்கு எண்ணெய் போட்டேன்.

ஜூன் 16, திங்கள்

தினகர் தானாக வந்து கேட்டான். “அப்பா, அந்தக் கேமுக்காக நீங்க என்கூட வீடியோவுல சண்டை போடுவீங்களா?”

“இப்ப என்ன திடீர்னு?”

“சும்மா. கன்டென்ட்டு.”

நல்ல சட்டை போட்டுக்கொண்டேன். கீழே கைலிதான். இடுப்புக்கு மேல்தான் எடுப்பேன் என்று சத்தியம் செய்தான்.

கேமராவைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கொண்டது. முன்னூறு பேர் நிற்கிற பஸ் ஸ்டாண்டில் ஊர் பெயரை வரிசையாகக் கத்துகிறவன், இந்த அரையடிக் கண்ணாடியைப் பார்த்து நடுங்கினேன். “பழனி, பழனின்னு நினைச்சுக்கங்கப்பா” என்றான். அது வேலை செய்தது.

“ஒரு ஸ்டார் கொடுத்த தம்பிகளே, தங்கச்சிகளே! இந்தக் கேமுல ஒண்ணுமே நடக்கலைன்னு எழுதியிருக்கீங்க. நீங்கதான் கதவைச் சாத்திட்டு உள்ள வந்துட்டீங்களே, வெளிய என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பாதிப் படத்துல எந்திரிச்சு வந்துட்டு படத்துல கிளைமாக்ஸே இல்லைன்னு சொல்வீங்களா?”

“செருப்பைப் போடணும்னு கேம் சொல்லலையே?” என்றான் தினகர்.

“சொல்லியிருக்கணும். குறைதான். அதுக்கு ஒரு ஸ்டாரைக் குறைச்சுக்க. நாலைக் குறைக்காதே. வர்றவங்களைக் கேட் வரைக்கும் அனுப்பிட்டு வாடான்னு உங்கம்மா உன்கிட்ட நாள் தவறாம சொல்றா, நீ என்னிக்குப் போன?”

“சரி, குடைக்காரர் வெறும் பக்குன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்களே. அதுக்கு என்ன சொல்றீங்க?”

“அதுக்கென்ன இப்போ? நீகூடத்தான் நாங்க பிளான் பண்ணிப் பொறந்தவன் இல்லை. வேண்டாம்னா சொன்னோம்? வச்சு வளர்க்கலை?”

சமையல்கட்டிலிருந்து “ஏங்க!” என்று ஒரு சத்தம். கரண்டி விழுகிற சத்தம் அதற்குப் பின்னால்.

அந்த இடத்தை வெட்டிவிடச் சொல்லி அவனிடம் கெஞ்சினேன். வெட்டவில்லை.

ஜூன் 18, புதன்

வெட்டாத அந்த இடம்தான் ஓடுகிறதாம். காய்கறிக்காரர்கூட, “என்ன கண்டக்டரே, பிளான் பண்ணலையாமே?” என்கிறார். பூங்கொடி இரண்டு நாளாக என்னிடம் பேசுவதில்லை. பேசாமலே நன்றாகத் திட்டுகிறாள்.

திட்டி எழுதினவர்களும் குறைவில்லை. ‘அங்கிள் செம, கேம் இன்னும் மொக்கைதான்’ என்று ஒருவன். ‘உன் மொக்கையை நீ வச்சுக்க’ என்று பதில் போட்டேன், என் சொந்தக் கணக்கிலிருந்து. ஆனால் சிலர் செருப்பை மாட்டியிருக்கிறார்கள். ஒரு பெண் எழுதியிருந்தது: ‘ஆறாவது ஆள் கேட்டில் சொன்னதைக் கேட்டுவிட்டு எங்க அத்தைக்குப் போன் பண்ணினேன்.’ அதை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பூங்கொடி பேசாமலே காது கொடுத்தாள்.

ஜூன் 20, வெள்ளி

ரெஜினா எழுதியிருக்கிறார். கேமை எடுக்கப் போவதில்லை. குடைக்காரரையும் சரிசெய்யப் போவதில்லை.

இப்போது இரண்டே கால் ஸ்டார். ஐந்துக்கு இரண்டே கால். பத்தாவது கணக்குப் பரீட்சையில் நான் இதைவிடக் குறைவு. பாஸ் பண்ணாத நானே இத்தனை வருஷம் ஊரைச் சுற்றி வரவில்லையா?

தினகரைக் கேட்டேன். “வீடியோ போட்டது சரி. நீ ஆடிப் பார்த்தியாடா? நின்னு?”

“எங்கப்பா நேரம்? பெட்டி கட்டவே பொழுது போதலை.”

ஜெயித்தும் பாதிதான் ஜெயித்திருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

மத்தியானம் ஆட்டோ வந்தது. ஸ்டேஷன் வரைக்கும் பூங்கொடி போகிறாள். இந்தக் காலோடு நான் பிளாட்பாரப் படியெல்லாம் ஏற முடியாது. வீட்டிலேயே உட்காருங்கள் என்றார்கள். ஒரு காலில் கட்டு, மறு காலில் ஒற்றைச் செருப்பு. வாக்கரைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டேன்.

சாப்பிடும்போது என்ன பேசினோம்? புனேயில் சோறு எப்படி இருக்கும், ரயிலில் மேல் பெர்த்தா கீழ் பெர்த்தா, இதுதான். நீலப் பெட்டியை ஏற்றினான். “வர்றேம்ப்பா” என்றான். ஆட்டோ கிளம்பித் தெருமுனைக்குப் போய் நின்றது. இறங்கி நடந்து வந்தான்.

“குடை” என்றான்.

கேட்டில் குடை தொங்கியது. அங்கே மழை விடாது என்று அவன் அம்மா எடுத்து வைத்தது. கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கேட்டைச் சாத்திவிட்டுப் போனான். ஆட்டோவில் ஏறினான். நான் திரும்பி வாக்கரை நகர்த்தப் பார்த்தேன். இடித்தது. குடை மறுபடியும் கேட்டில் தொங்கியது. எப்போது மாட்டினானோ, படுபாவி.

மறுபடியும் வந்துகொண்டிருந்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டே நடக்கிற நடை.

“எப்படா ஆடின?”

“செபாஸ்டின் மாமா வந்துட்டுப் போன அன்னிக்கு. பத்துப் பேரையும் வழியனுப்பிட்டேன்.”

“அப்ப நேரமில்லைன்னு புளுகினியா?”

கொக்கியைப் பிடித்துக்கொண்டான். தூக்கினான், போட்டான், தூக்கினான். சிரிப்பு போய்விட்டிருந்தது.

“மாமா சொன்னது எனக்குக் கேட்டுச்சுப்பா. ஜன்னல்லதான் நின்னேன். அம்மாகிட்ட நீங்க இன்னும் சொல்லலைன்னும் தெரியும்.” கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தான். “நான் வேணா போகாம இங்கயே இருந்துடவா? இங்கயே ஏதாவது பார்த்துக்கலாம். நிஜமாத்தான் கேக்குறேன்.”

முனையில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பூங்கொடி தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள்.

“நின்ன பஸ்லேருந்து விழுந்தவனுக்கு எவன்டா வேலை கொடுக்காம இருப்பான்? சர்க்கஸ்லகூடக் கூப்பிடுவாங்க” என்றேன். “அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். குடையை ஒழுங்கா எடுத்துக்க. மூணாவது தடவை வந்தேன்னா நிஜமாவே பக்குன்னு எழுதிப் போட்டுருவேன், ஒரு ஸ்டார்தான்.”

சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தான். இந்தத் தடவை குடை போய்விட்டது.

அவன் ஏறியதும் ஆட்டோக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார், போகலாமா என்கிற மாதிரி. ஊரிலிருக்கிற டிரைவர் எல்லோரும் என்னை அப்படித்தான் பார்ப்பார்கள் போல. கையைத் தூக்கினேன்.

“ரைட், ரைட். போலாம்” என்று கத்தினேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

ஆட்டோ முனை திரும்பியது. நான் நின்றேன். ஒரு வார்த்தை, ஒரு நாளைக்கு நூறு தடவை கத்திய வார்த்தை, தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஹோல்டான்.